முதல் தம்ளர்

அன்புள்ள மிளகுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஆளுக்கொரு குறை சொல்லிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும், இன்னும் முகம் காட்டாத அந்தக் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறைத்துக்கொள். காலைத் தொங்கப் போட்டு உட்காராதே. அலுவலகத்தில் காலுக்கு அடியில் வைக்க ஒரு முக்காலி கேட்டால் உன் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

போன் இருக்கும்போது இந்த அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன்னோடு பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்து நாற்காலியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்லித் திருத்துகிறார். அவருக்குத் தெரியாமல் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வாயும் வயிறுமாக இருக்கிறவளிடம் சொல்லலாமா என்று நிறைய யோசித்தேன். சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். பதறாமல் படி.

அப்பாவுக்கு வாசனை தெரியவில்லை.

மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்ததே, அதற்குப் பிறகுதான். முதலில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது மாடிப்படியிலேயே தீய்ந்த வாடை மூக்கைத் துளைத்தது. ஓடி வந்து பார்த்தால் அப்பா சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரியாகிக்கொண்டிருந்தது. என்னங்க இது என்று கேட்டால், "பால் வெச்சிருந்தியா?" என்றார். ஏதோ நினைவில் இருந்திருக்கிறார் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு நாள் பாச்சை உருண்டை போட்ட பெட்டியிலிருந்து சட்டையை எடுத்து அப்படியே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காய்ந்த சட்டையைக்கூட மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த மனிதர் அவர்.

அதற்கு மேலும் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. குளிர் தொடங்கிவிட்டதல்லவா, பழச்சாறு காய்ச்சும் காலம். எப்போதும் அவர்தான் காய்ச்சுவார். அன்றைக்கு அவர் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் நானே ஆப்பிள் சாற்றை அடுப்பில் ஏற்றி, பட்டை போட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, ஆரஞ்சுத் தோலும் போட்டு இறக்கினேன். வேண்டுமென்றே கிராம்பு போடவில்லை. ஒரு தம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் உறிஞ்சினார், கண்ணை மூடினார், நாக்கைச் சுழற்றினார், அந்தப் பழைய ஜம்பமெல்லாம் அப்படியே இருந்தது. அப்புறம் சொன்னார், "கிராம்பு கொஞ்சம் தூக்கல். மத்தபடி பரவாயில்ல."

நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது.

ஏன் பயம் என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டில் இன்னும் அப்பாவைப் பழச்சாறு ஆலையில் ஏதோ மேற்பார்வை பார்க்கிறவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம், அதனால் மாப்பிள்ளையிடம் சொல்லும்போது சரியாகச் சொல். இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று மெஷின் சொல்லிவிடும். அழுகின பழம் சேர்ந்து அரைபட்டு, சாற்றில் மக்கல் வாடை ஏறியிருக்கிறதா என்று அந்த மெஷினுக்குத் தெரியாது. அதற்குத்தான் அப்பா. ஒவ்வொரு டேங்கிலிருந்தும் ஒரு வாய் எடுத்து, கொப்பளித்துத் துப்பிவிட்டு, "போகட்டும்" என்றால் வண்டி போகும், "நிக்கட்டும்" என்றால் நிற்கும். முதலாளியே வந்து சொன்னாலும் நகராது. மூக்கு சார் என்று அவரைக் கூப்பிடுகிறார்களே, பாதி கிண்டல் என்றாலும் மீதி மரியாதைதான்.

இப்போது அந்த மூக்கு வேலை செய்யவில்லை. அவர் தினமும் காலையில் எழுந்து, சட்டை மாட்டி, வேலைக்குப் போய், போகட்டும் என்று சொல்லிவிட்டு வருகிறார். எதை வைத்துச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் குடிக்கிற சாறு அது.

கேட்டுவிடலாம் என்று வாயைத் திறக்கிறேன், வார்த்தை வரமாட்டேன் என்கிறது. நான் கேட்டுவிட்டால் அவர் ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அடுத்த நாள் காலையில் அவர் யாராக எழுந்திருப்பார்? சண்டை போட்டாலும் மூக்கைத் தூக்கிக்கொண்டு போடுகிற ஆள். எதற்கெடுத்தாலும் அவரிடம் எகிறுகிற நான் இந்த ஒன்றில் ஊமையாகிவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் அத்தையும் மாமாவும் வருகிறார்கள். பழச்சாறு காய்ச்சித் தருகிறேன் என்று அப்பா வீம்பாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் நீ எழுது. நான் என்ன செய்யட்டும்? போனில் மட்டும் கேட்டுவிடாதே.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாமல் சாப்பிடு.

உன் அம்மா

* * *

அன்புள்ள மிளகுக்கு,

உன் பதில் கிடைத்தது. நேராகக் கேட்டுவிடு அம்மா, ஒளிச்சு வெச்சா அப்பாவுக்குத்தான் கஷ்டம் என்று எழுதியிருந்தாய். நீ சொன்னது சரி. நான் கேட்கவில்லை. அதனால் வந்த வினையைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குத் திங்கட்கிழமை. அப்பா காலையில் போனவர் இன்னும் வரவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நேற்று உன் அத்தையும் மாமாவும் மத்தியானமே வந்துவிட்டார்கள். அத்தைக்கு ஜலதோஷம், தும்மிக்கொண்டே வந்தாள். மாமா வழக்கம்போல முழங்கால் புராணம் ஆரம்பித்தார். அப்பா சனிக்கிழமை ஆலையிலிருந்து வரும்போதே ஒரு தூக்கில் ஆப்பிள் சாறு கொண்டுவந்திருந்தார். அதை நான் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. காய்ச்சும்போது கதவு திறந்திருந்தால் வாசனை தப்பிப் போய்விடுமாம். அவராகத் திறக்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது.

நாங்கள் மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். கரண்டி பாத்திரத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. கதவிடுக்கு வழியாக முதலில் கிராம்பு வந்தது. அப்புறம் பட்டை. அதற்கு அடியில் இன்னொன்றும் மெல்ல வந்தது. ஈரச் சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் அடிக்குமே, அந்த வாடை. அத்தையைப் பார்த்தேன், கைக்குட்டையும் கையுமாக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். மாமாவுக்குச் சூடாக எது கொடுத்தாலும் அமிர்தம்.

கதவைத் தட்டிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து உன் அத்தை, "எங்க அண்ணன் மூக்குக்கு அந்த ஆலையையே எழுதிக் குடுக்கலாம்" என்று மாமாவிடம் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு முன்னால் நான் எப்படிச் சொல்லுவேன்?

அப்பா கதவைத் திறந்து முதல் தம்ளரோடு வந்தார். அது நீ இங்கே இருந்தவரை உன்னுடையது. நீ போன பிறகு எனக்கு வந்துசேர்ந்தது. முதல் தம்ளர் வாங்கியவர் சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவார். நீ ஏதாவது சொல்ல வந்தால் "உன் வாயைக் கேக்கல, முகத்தைக் கேக்கறேன்" என்பாரே, அதே மாதிரி எனக்கு முன்னால் வந்து நின்று என் முகத்தையே பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. தங்கச்சிக்கு முன்னால் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று பார்க்கிறார், பாவம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாய் குடித்தேன். கிராம்பையும் பட்டையையும் தாண்டி மக்கல் நாக்கு முழுக்கப் பரவியது. எப்படியோ விழுங்கினேன். விழுங்கிவிட்டுச் சிரித்தேன் மிளகு. பல் தெரியச் சிரித்தேன். "பிரமாதம்" என்றேன்.

அவருடைய தோள் இரண்டும் இறங்கின. எதையோ தூக்கிக்கொண்டு நின்றவர் இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மற்றவர்களுக்கு ஊற்றத் திரும்பினார். அவருக்கு முன்னால் நான் உள்ளே ஓடினேன், "நீங்க உக்காருங்க, நான் ஊத்தறேன்" என்று. பாத்திரத்தைத் தூக்குகிற மாதிரி தூக்கி, கை வழுக்குகிற மாதிரி விட்டேன். தரையெல்லாம் சாறு. என் பாதத்திலும் கொஞ்சம் சுட்டுவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, பயப்படாதே. உன் அத்தை வாசலில் நின்று, "அண்ணி, நீங்க வேணும்னே கவுத்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு சொட்டு சிந்தினாலே அரை மணி நேரம் பாடம் நடத்துகிறவர். கத்தவில்லை. மருந்தை எடுத்துவந்து, கீழே உட்கார்ந்து, என் பாதத்தை மடியில் வைத்துத் தடவிவிட்டார். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தடவினார். பிறகு படுக்கையறைக்குப் போய் யாருக்கோ போன் செய்து இரண்டு வார்த்தை பேசினார். நான் எல்லாருக்கும் டீ போட்டேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, அவர் மானமும் போகவில்லை, நானும் சாமர்த்தியசாலிதான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். என்னை எதனால் அடிக்கலாம் என்று நீயே சொல்லு.

இன்று காலை அப்பா கண்ணாடி முன் நின்று சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். "நேத்து நீ என் வயித்துல பால வார்த்த" என்றார். என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமலேயே, எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சலுக்குப் பிறகு மூக்கு செத்துவிட்டதாம். இன்றைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று பார்த்தாராம். ஆலையில் பரிசோதனை அறையில் ஒரு பெண் வேலை கற்றுக்கொள்கிறாள், கண்ணாடி போட்ட பெண். அவளை முதலில் ருசி பார்க்கச் சொல்லிவிட்டு, இவர் அவள் முகத்தைப் பார்ப்பாராம். மூக்கு சுருங்கினால் நிக்கட்டும், சுருங்காவிட்டால் போகட்டும். இத்தனை நாளும் இப்படித்தான் ஓடியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கே தெரியாதாம். தனக்குப் பாடம் சொல்லித் தருகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சனிக்கிழமை அவள் விடுப்பு. அன்றைக்குப் பார்த்து மழையில் நனைந்த பழம் அரைத்த ஒரு டேங்க் நின்றிருக்கிறது. இவருக்குச் சந்தேகம். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று நிறுத்திவைத்துவிட்டு, அதிலிருந்துதான் ஒரு தூக்கு சாறு எடுத்துவந்திருக்கிறார். தங்கைக்குக் காய்ச்சிக் கொடுக்க என்று சொன்னதெல்லாம் ஒரு சாக்கு. என் முகத்தைப் பார்க்கத்தான் காய்ச்சியிருக்கிறார்.

"அந்தப் பொண்ணு முகம் நான் இப்ப படிச்சது. உன் முகம் எனக்கு மனப்பாடம். நீ சிரிச்சதும்தான் எனக்கு உயிரே வந்துது. நேத்தே லோடிங் ஆளுக்குப் போன் பண்ணி, போகட்டும்னு சொல்லிட்டேன். இந்நேரம் வண்டியில ஏத்திட்டிருப்பான்" என்றார்.

சீப்பு முடியிலேயே நின்றுவிட்டது. ஒரு நிமிடம் சும்மா இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன் உன்னிடம். அவ்வளவு நிம்மதியாக இருந்தது அவர் முகம். அப்புறம் அந்த வண்டி எந்தெந்தத் தெருவுக்குப் போகும் என்று நினைத்தேன். உன் வயிற்றை நினைத்தேன்.

"என்னங்க, அது மக்கிப் போயிருந்துச்சு" என்றேன்.

அவர் முதலில் சிரித்தார். விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். நீ நேற்றுச் சிரித்தாயே என்றார். உங்களுக்காகத்தான் சிரித்தேன், உங்கள் தங்கைக்கு முன்னால் உங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சிரித்தேன், கை வழுக்கியதும் பொய்தான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார். பால் தீய்ந்த பிறகு சந்தேகம் வந்தது, நான் பழச்சாறு காய்ச்சிக் கொடுத்த அன்றைக்கு உறுதியாகிவிட்டது என்றேன். "அன்னைக்குக் கிராம்பு போட்டியா இல்லையா?" என்று கேட்டார். போடவில்லை என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின வீட்டில் வழி தெரியாமல் நிற்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது.

அப்புறம் எழுந்து லோடிங் ஆளுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மறுபடியும் எடுக்கவில்லை. போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, பொத்தானை மாற்றிப் போட்ட சட்டையோடு படியிறங்கி ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக்கூடாது. ஜன்னலில் நின்று பார்த்தேன். முனையில் ஆட்டோ கிடைத்ததா என்று தெரியவில்லை.

ஆலை வாசலுக்கு நானும் போன் செய்து பார்த்தேன். காவல்காரர் எடுத்தார். மூக்கு சார் உள்ளே ஓடினார், என்ன விஷயம் என்று தெரியாது என்றார். வண்டி போய்விட்டதா என்று கேட்டேன். காலையிலிருந்து எத்தனையோ வண்டி போகிறது, எந்த வண்டி என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு நிறுத்தியிருந்தேன். அப்பா வந்துவிட்டார். இப்போது உள்ளே படுத்திருக்கிறார். மீதியை எழுதுகிறேன்.

வண்டி எடைமேடை வரைக்கும் வந்துவிட்டதாம். இவர் குறுக்கே போய் நின்றுவிட்டார். ஓட்டுநர் கண்டபடி திட்டியிருக்கிறார். சத்தம் கேட்டு மேலாளர் வந்திருக்கிறார், அந்தக் கண்ணாடிப் பெண், ஏற்றி இறக்குகிறவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஏதோ காரணம் சொல்லி வண்டியைத் திருப்பியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லாருக்கும் முன்னால், "எனக்கு வாசனை தெரியல. காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு மூக்கே இல்ல. இதைத் திறந்து வேற யாராவது பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். திறந்து பார்த்திருக்கிறார்கள். வாயில் வைத்தவர்கள் எல்லாரும் துப்பினார்களாம். அந்தப் பெண் ஓரமாகப் போய் நின்று அழுதாளாம். இதற்கு முன்னால் போன டேங்குகளுக்கெல்லாம் ஒவ்வொரு புட்டி எடுத்து வைத்திருக்கிறார்கள், அதையும் திறந்து பார்க்கப் போகிறார்கள். கூப்பிடும்வரை வீட்டில் இருங்கள் என்று மேலாளர் சொல்லி அனுப்பியிருக்கிறார். கூப்பிடுவார்களா, கூப்பிட்டு என்ன சொல்வார்கள், எதுவும் தெரியவில்லை. அடுத்த வாரம் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். சில பேருக்குத் திரும்பி வருமாம், சில பேருக்கு வராதாம்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். நான் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினேன். பிசையாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்ன வாசனை வருது, சொல்லு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் என்னிடம் இப்படி ஒன்று கேட்டதில்லை. காலையில் இருந்த நிலையில் குழம்பு அடிப்பிடித்திருந்தது. அதை மறைக்கத்தான் முதலில் வாய் போனது. மறைக்கவில்லை. "அடிப்பிடிச்ச வாடைதாங்க முன்னாடி வருது. அதுக்கப்புறம் வெங்காயம். பூண்டு கொஞ்சம் பச்சையா இருக்கு" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "பூண்டைப் பச்சையா விடாதன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்" என்று திட்டிவிட்டுச் சாப்பிட்டார். நான் திருப்பித் திட்டாமல் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன்.

நீ போனில் பேசும்போது அப்பாவைத் தேற்றாதே. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாதே. இந்த வீட்டில் இனிப்பாகச் சொன்ன பொய் ஒன்றே போதும். உனக்கு ஒரு குறையும் இல்லாமல் சுகப்பிரசவம் ஆக வேண்டும். பெரிய உயிரும் சின்ன உயிரும் நல்லபடியாக எழுந்து உட்கார வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும் எனக்காகச் செய். குழந்தை பிறந்ததும், உனக்குக் கை எழுத வந்ததும், அதன் உச்சந்தலையை ஒரு முறை நன்றாக முகர்ந்து பார்த்து, எப்படி இருக்கிறது என்று அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதாதே. பால் புளித்த வாடை அடித்தால் அதையும் எழுது. நாங்கள் அங்கே வந்து அவர் குழந்தையைக் கையில் வாங்குவதற்கு முன்னால் அந்தக் கடிதம் இங்கே வந்து சேர வேண்டும்.

உன் அம்மா